இடம் மாற்றிக் கட்டிய வயர்கள்

லாரி சாயங்காலம் வரவேண்டியது. அன்றைக்கு உச்சி வெயிலிலேயே தோட்டத்துக்குள் நுழைந்தது.

ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்கும் வரிசையில் நின்ற மாரியம்மாதான் முதலில் பார்த்தாள். ஆட்கள் பலகையில் உட்காராமல், பக்கக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்கள். புருஷன் இராஜமாணிக்கத்தின் சிவப்புத் துண்டு கண்ணில் பட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகுதான், அவனை ஒட்டியே எப்போதும் நிற்கும் முருகையாவைக் காணோம் என்பது உறைத்தது.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் தாயம்மா. மாரியம்மாவின் கூடப்பிறந்த அக்கா, முருகையாவின் மனைவி.

"அக்கா, வாளிய வச்சிட்டு வா."

"என் மொற வந்துருச்சுடி. ஊத்திட்டு வரேன்."

"வச்சிட்டு வாக்கா."

இராஜமாணிக்கம் லாரியிலிருந்து குதித்து நேரே தாயம்மாவிடம் வந்தான். சட்டையின் முன்பக்கம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"மதினி, அண்ணன சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. உசுருக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"என்னாச்சு தம்பி?"

"மேல இருந்து லைட்டு விழுந்துருச்சு."

"லைட்டா? லைட்டு விழுந்தா என்ன ஆயிரும்?"

அவளுக்குத் தெரிந்த லைட்டு, வீட்டு நடுவில் தொங்கும் குண்டு பல்பு. கப்பல் விளக்கு இரும்புக் கூண்டோடு ஒரு ஆட்டுக்கிடாய் கனம் இருக்கும் என்பதை அந்த இடத்தில் நின்று எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகைத் தொட்டுக் காட்டினான். "இங்க விழுந்துச்சு" என்றான்.

கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்து கிடந்த வருஷம் அது. எண்பத்தாறு. போர்ட்டிக்சன் பக்கத்து அந்தத் தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்த மரங்களைப் பெண்டுகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்களை விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரவேண்டாம் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி சொல்லிவிட்டார். குடும்பத்தில் ஒருவராவது பெரட்டில் பேர் கொடுத்தால்தான் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இடம். ஆகையால் பெண்டுகள் மரம் சீவிப் பால் எடுத்தார்கள். ஆண்கள் லயத்து வாசலில் குந்திக் கிடந்தார்கள்.

அந்த நேரத்தில் வந்தவர்தான் வைரவன். சிரம்பான் தெமியாங்கில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். அண்ணன் தம்பிகள் கடையைப் பிரித்துக்கொண்டபோது இவர் பங்கை விற்றுவிட்டுக் குத்தகை வேலை எடுக்க ஆரம்பித்தார். போர்ட்டிக்சன் கடலில் நங்கூரம் போட்டு நின்ற பழைய சரக்குக் கப்பல் ஒன்றைக் கை மாற்றியிருந்தார்கள். மறுபடியும் ஓடுவதற்கு அதைத் தயார் செய்யவேண்டும். துரு தட்டுவது, சாயம் அடிப்பது, கப்பிகளுக்குக் கொழுப்புப் பூசுவது. லயத்திலிருந்து எட்டுப் பேர் போனார்கள். விடியும் முன்னே லாரி, கடற்கரையிலிருந்து படகு. பெண்டுகள் மரத்துக்குப் போகும் நேரமும் ஆண்கள் கப்பலுக்குப் போகும் நேரமும் ஒன்றாகிவிட, லயத்தில் மறுபடி கலகலப்பு வந்தது. சம்பள நாளில் கோழி அடித்தார்கள்.

கித்தாக் காட்டில் வேலை செய்தவன் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. வெடித்து விழும் கொட்டை பட்டால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். கப்பலில் எல்லாமே தலைக்கு மேலே இருந்தது. விளக்கு, கப்பி, ஏணி, ஊதுகுழல், இரும்புச் சங்கிலி. முதல் நாளே கப்பல் அதிகாரி, ஒரு பிலிப்பினோக்காரர், எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். காலியான சாயத் தகரம் ஒன்றைக் கொடிமரத்தின் அடியில் கவிழ்த்து வைத்தார். உச்சியில் நின்ற ஆளிடம் கையைக் காட்டினார். அவன் ஒரு இரும்பு நட்டைக் கீழே விட்டான். நட்டு தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மேலே ஏறினால் சுத்தியலைக் கையோடு கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். கப்பல் ஒரு நொடிகூட ஆடாமல் நிற்காது, ஆடினால் நட்டு தளரும், உப்பு திருகாணியைத் தின்னும். அதனால் உயரத்தில் தொங்குகிற ஒவ்வொன்றையும் இன்னொரு வயரால் சேர்த்துக் கட்டவேண்டும், திருகாணி அறுந்தாலும் வயர் பிடித்துக்கொள்ளும் என்றார். மலாயில்தான் சொன்னார். எல்லாருக்கும் புரிந்தது.

தொங்கியவை நாற்பதுக்குக் குறையாது. வைரவன் கொடுத்தனுப்பிய வயர்கள் இரண்டு டஜன்.

"அடுத்த தடவ தாரேன்" என்றார். அடுத்த தடவை சாயம் வந்தது, தூரிகை வந்தது, வயர் வரவில்லை.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் முருகையா. அதிகாரி தினமும் காலையில் கப்பலின் முன்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டே பின்புறம் போவார். முன்புறம் எல்லாவற்றிலும் வயர் கட்டியிருக்கும். அவர் நடுக்கப்பலுக்கு நகர்ந்ததும் முன்புறத்து வயர்களைக் கழற்றி, மறுபக்க நடைவழியாக ஓடி, பின்புறத்தில் கட்டிவிடுவார்கள். முருகையா நாற்பது வயதிலும் அணில் மாதிரி ஏறுவான். "வந்துட்டான்லா, வந்துட்டான்லா" என்று கிசுகிசுத்துக்கொண்டே வயர்களைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஓடுவான். வேலையின் அலுப்பில் அது ஒன்றுதான் விளையாட்டு. கூட்டத்துக்கு மூத்தவரான சன்னாசிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அன்று காலையில் நடுக்கொடிமரத்து விளக்கின் வயரைக் கழற்றியது இராஜமாணிக்கம். கீழே நின்று வாங்கிக்கொண்டு ஓடியது முருகையா. அதிகாரி போனபின் அதைத் திரும்பக் கொண்டுவந்து கட்ட யாருக்கும் நினைவில்லை. பத்து மணி வாக்கில் பளுதூக்கியை ஓட்டிப் பார்த்தபோது கொடிமரம் அதிர்ந்தது. முருகையா அதன் நிழலில் உட்கார்ந்து, நெத்திலி சம்பாலும் சோறும் கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் டாக்டர் தாயம்மாவிடம் சொன்னார். உயிர் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது.

அந்த வாரக் கடைசியில் வைரவன் லயத்துக்கு வந்தார். தாயம்மாவிடம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இராஜமாணிக்கத்தோடு உட்கார்ந்தார். மாரியம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தாள். அவர் அதை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"நடந்தது நடந்து போச்சு. தொறமொகத்துல இருந்து விசாரிக்க வருவாங்க. ஒன்னும் பெரிசா இல்ல. லைட்டுக்குக் கீழ கயிறு கட்டி மறிச்சு வச்சிருந்தோம், முருகையா தாண்டிப் போயி உக்காந்துட்டாருன்னு சொன்னாப் போதும்."

"கயிறு அப்புறமாத்தான கட்டுனோம், மொதலாளி."

"எனக்குத் தெரியாதா அது?"

"வயரப் பத்திக் கேட்டா?"

"வயர் இருந்துச்சுன்னு சொல்லு. கப்பல்ல வயர் இருந்துச்சா இல்லையா? பொய் ஒன்னும் சொல்லச் சொல்லலையே." அவர் கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "முருகையா குடும்பத்த நான் பாத்துக்கறேன். ஆனா கப்பல்காரன் என்னைய நிறுத்திட்டான்னா நான் யாரப் பாக்குறது, எப்படிப் பாக்குறது? இந்த லயத்துல எட்டு அடுப்பு அந்தக் கப்பல நம்பி எரியுது. யோசிச்சுக்க."

மிரட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கும் ராத்தூக்கம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. அதுதான் இராஜமாணிக்கத்துக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சுலபம்.

அவர் போனதும் மாரியம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "நீ ஏன் வாயே தெறக்கல?"

"என்ன சொல்லச் சொல்ற?"

"அவரு சொல்றபடி சொல்லிட்டுப் போயேன். அக்காவுக்கும் நல்லதுதான."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்த வயரக் கழட்டுனது நான்தான், மாரி. கழட்டிக் குடுத்தேன். அண்ணன் வாங்கிட்டுப் போனாரு."

அவள் கை அப்படியே நின்றது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து புகைந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது.

சற்று நேரத்தில் தாயம்மா வாசல் வழியாக வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"எல்லாம் கேட்டுச்சு தம்பி. பலகைக்கு அந்தாண்டதான நிக்கிறேன்."

"மதினி..."

"நீ கழட்டுனா என்ன, அவரு கழட்டுனா என்ன. எட்டுப் பேருந்தான கழட்டுனீங்க. அவரே என்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சிருக்காரு, வெள்ளச் சட்டை ஆபீசர ஏமாத்துறோம்னு. மொதலாளி பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போறாரு. நீ எதையும் கெளப்பிவிட்டு அதையும் இல்லாம ஆக்கிறாத."

முருகையாவும் அதையே சொன்னான். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் இராஜமாணிக்கம் கட்டிலோரம் நின்றான். மல்லாந்து படுத்திருந்தவன் கண்ணை மட்டும் திருப்பினான்.

"வயர் பேச்ச எடுக்காத, கேட்டியா. மாத்திக் கட்டுற வழியச் சொன்னவனே நான். அது வெளிய வந்தா, அவன் தலையில அவனே போட்டுக்கிட்டான்னுதான் பேசுவாங்க. அதுக்குப் பதிலா, கயித்தத் தாண்டிப் போயி உக்காந்தான்னு சொல்லட்டும். மடையன்னு நெனப்பாங்க. நெனச்சுட்டுப் போகட்டும்."

"ஒங்களுக்கு அது சரியாண்ணே?"

"எனக்கு இனி எதுடா சரி?"

அடிபட்டவன், அவன் பெண்டாட்டி, முதலாளி, லயத்து ஆட்கள் என எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். அவன் மட்டும் என்ன தனியாகக் கண்டுவிட்டான்? இராஜமாணிக்கம் பஸ்ஸில் திரும்பி வரும்போது, சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்தான். கயிறு இருந்தது, தாண்டினான். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். எளிதாக வந்தது.

திங்கட்கிழமை வேலை மறுபடி ஆரம்பித்தது. முருகையாவின் இடத்துக்குச் சன்னாசி தன் மருமகன் நல்லசாமியைக் கூட்டி வந்திருந்தார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவன். நடுக்கொடிமரத்தில் புது விளக்கு மாட்டியிருந்தார்கள், வயரும் கட்டியிருந்தது. கீழே தளத்தில் ரத்தம் கிடந்த இடத்தில் புதுச் சாயம்.

அதிகாரி முன்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது நின்று நின்று பார்த்தார். அவர் நடுக்கப்பலைத் தாண்டியதும் சன்னாசி கீழேயிருந்து மெல்ல விசிலடித்தார்.

"மாணிக்கம், அதக் கழட்டிக் குடு. பின்னால ஒன்னு கொறையுது."

கொடிமரத்தின் மேலே இருந்த இராஜமாணிக்கம் கேட்காததுபோல் துருவைத் தட்டினான்.

"சீக்கிரம்லா. அந்தாளு போயிட்டே இருக்கான்."

"இது இருக்கட்டும்ணே. இது வேணாம்."

"எது இருக்கட்டும்? பின்னால பாத்துட்டு மொதலாளியக் கூப்புடுவான். அப்புறம் ஒனக்கும் எனக்கும் எங்க சோறு? பாத்துட்டு ஒடனே கொண்டாந்து கட்டிரலாம்."

கை போய்க் கழற்றியது. அவன் கைதான். பழகிய கை, கண்ணைக்கூடக் கேட்கவில்லை. வயர் சுருள் கீழே போக, நல்லசாமி எம்பிப் பிடித்தான். பிடித்துத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முருகையா ஓடியது மாதிரியே ஓடினான்.

அந்த வயர் திரும்பி வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் அதே நிழலில் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் அப்படி. வேறு நிழல் இல்லை. இராஜமாணிக்கம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கைப்பிடிக் கம்பி ஓரம் நின்று அவர்கள் தலையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகச் சொன்னால் ஏன் என்பார்கள். சுற்றிலும் தண்ணீர். சாயங்காலம் படகு வரும்வரை அங்கிருந்து யாரும் எங்கும் போக முடியாது.

விசாரணை புதன்கிழமை காலையில், கப்பலின் சாப்பாட்டு அறையிலேயே நடந்தது. துறைமுகத்து அதிகாரி ஒரு மலாய்க்காரர், நரைத்த மீசை. பிலிப்பினோக்காரர் ஒரு பக்கம், வைரவன் இன்னொரு பக்கம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சன்னாசி போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மற்றவர்கள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். இராஜமாணிக்கம் உள்ளே போய் நின்றான்.

"கயிறு கட்டி மறித்திருந்ததா?" என்று மலாயில் கேட்டார் துறைமுக அதிகாரி.

வாயில் தயாராக இருந்த சொல்லை விட்டுவிட்டு, அவரை மலாயில் ஐயா என்று விளித்து, வேறு சொன்னான்.

"இல்ல, துவான். அடிபட்டப்புறம்தான் கட்டுனோம்."

வைரவன் மேசையைப் பார்த்தார்.

"விளக்குக்கு வயர்?"

"காலையில இருந்துச்சு. அப்புறம் இல்ல." தோட்டத்து மலாய் அவனுக்குத் தடுக்கியது. நின்று, மறுபடி சொன்னான். "இப்பவும் போயிப் பாருங்க, துவான். காலையில முன்னால பாத்த வயரு எல்லாம் இப்ப பின்னால இருக்கும். முன்னால ஒன்னும் இருக்காது. நடுவுல லைட்டுக்குக் கீழ ஆளு உக்காந்துருப்பாங்க."

பிலிப்பினோக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே ஓடினார். அறையில் இருந்தவர்களுக்கு அவர் இரும்பு ஏணியில் இறங்கும் சத்தமும், தளத்தில் யாரையோ விலகச் சொல்லிக் கத்துவதும் கேட்டது.

"யார் கழற்றியது?" என்றார் மலாய் அதிகாரி.

"நான் கழட்டுனேன். முருகையா கொண்டுபோனாரு. எல்லாருந்தான் செஞ்சோம்."

"யார் சொல்லி?"

இராஜமாணிக்கம் வைரவனைப் பார்த்தான். அவர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார்.

"வாயால யாரும் சொல்லல, துவான். வயர் பத்தல."

அன்று மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டார்கள். லாரியில் யாரும் அவனுக்கு இடம் விடவில்லை, மறுக்கவும் இல்லை. லுக்குட் ஊரைத் தாண்டும்போது சன்னாசி பேசினார்.

"ஒனக்கென்னப்பா. மனசு லேசாயிருச்சு."

லேசாகவில்லை. அதைச் சொன்னால் நம்பமாட்டார் என்று அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

இரண்டு வாரத்தில் கிள்ளான் பக்கத்திலிருந்து வேறொரு குத்தகைக்காரர் தன் ஆட்களோடு வந்தார். கப்பலில் தொங்கிய எல்லாவற்றுக்கும் வயர் வந்துவிட்டது என்று கடற்கரையில் படகோட்டி சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள் யாரும் அதில் இல்லை. வைரவன் தெமியாங் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டதாகச் சேதி. கப்பல் சொந்தக்காரர்கள் முருகையாவுக்குச் சக்கர நாற்காலி ஒன்றும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். அவன்மேலும் தவறு உண்டு என்று சொல்லி, கொடுக்க இருந்ததில் பாதியைக் குறைத்துவிட்டார்கள்.

லயத்து வாசலில் ஆண்கள் மறுபடியும் குந்திக் கிடந்தார்கள். இராஜமாணிக்கம் குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கும். கோழி கேட்டாலும் மிளகாய் கேட்டாலும் மாரியம்மாவுக்கு இல்லை என்றே வரும். இதைவிட்டுப் போகவும் வழி இல்லை. அவள் பெரட்டில் பேர் கொடுத்தால்தான் கூரை. சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் கேட்டுப் பார்த்தான். இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் செம்பனைக் கன்றுக்கு மருந்தடிக்கும் வேலை, வாரத்தில் மூன்று நாள் கிடைத்தது. மற்ற நாள்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து, பலகைக்கு அந்தப் பக்கம் முருகையா இருமுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். தாயம்மா தங்கையோடு பேச்சை விட்டுவிட்டாள். முருகையா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதத்தில், அந்தச் சுவரைத் தாண்டி ஒரு சொல்லும் வரவில்லை.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல" என்றாள் மாரியம்மா ஒரு நாள், பால் கறை படிந்த கையை மண்ணெண்ணெயில் தேய்த்துக்கொண்டே. "ஆனா எங்கக்கா மூஞ்சிய தெனமும் மரத்து நெறையில நாந்தான் பாக்குறேன். நீ பாக்கல."

அவன் மண்ணெண்ணெய்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மழைக்காலம் பிடித்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கே வானம் இருண்டு கொட்டியது. பெண்டுகள் பாலைக் காப்பாற்றக் காட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். லயத்துப் பின்கால்வாய் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. இராஜமாணிக்கம் அரிசிச் சாக்கைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தகரம் உருண்டது. கூப்பிடும் குரல் இல்லை.

அவன் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினான். முருகையா பாயிலிருந்து கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, சக்கர நாற்காலியை எட்ட முயன்று பாதி வழியில் கிடந்தான். தண்ணீர் அவன் இடுப்பைச் சுற்றி ஓடியது. குளிர் தெரியாத கால்கள் அதில் மிதந்தன.

இராஜமாணிக்கம் குனிந்து அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். முருகையா அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை. பிறகு வழுக்கியதால் பிடித்தான். பெஞ்சியில் உட்காரவைத்து, ஈரச் சாரத்தை உருவி, துடைத்து, உலர்ந்ததைக் கட்டிவிட்டான். சாயாமல் இருக்கத் தலையணையை முதுகுக்குக் கொடுத்தான். அடுப்புமேல் தாயம்மா வைத்துவிட்டுப்போன கஞ்சி இருந்தது. ஊதுபத்திப் பெட்டிக்குப் பக்கத்தில் ஊறுகாய். முருகையா இரண்டு கையாலும் பெஞ்சி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவனே கரண்டியால் எடுத்து ஊட்டினான்.

நாலு வாய் வாங்கியபின் முருகையா பேசினான்.

"நீ அங்க கெடந்து, நான் அந்த விசாரண ரூம்புல நின்னுருந்தா, நான் சொல்லியிருக்க மாட்டேன்டா."

கூரைத் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது.

"தெரியும்ணே" என்றான் இராஜமாணிக்கம்.

முருகையா அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். இராஜமாணிக்கம் கரண்டியை நீட்டினான்.